நுளம்பு வளர்க்கப் போன பிள்ளை

நுளம்பு வளர்த்த குற்றத்துக்காகத் தயாளினி நீதிமன்றப் படி ஏறிய அதே கிழமையில்தான், நுளம்பு வளர்க்க வரும்படி அவளுடைய மகளுக்கு ஜேர்மனியிலிருந்து அழைப்பு வந்தது. நான் இதைச் சோடித்துச் சொல்லவில்லை. வழக்குத் துண்டுக்கும் அழைப்புக் கடிதத்துக்கும் போட்டோக்கொப்பி அடித்தவன் நான்தான்.

மானிப்பாய்ச் சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி எனக்கொரு கொமினிகேசன் கடை. ஒருகாலத்தில் வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கச் சனம் வரிசையில் நின்ற கடை. இப்போது எல்லாருடைய கையிலும் போன் இருப்பதால், போட்டோக்கொப்பியும் விசா விண்ணப்பமும் ரிக்கற் பிரின்டும்தான் என்னுடைய சீவியம். எங்கள் ஒழுங்கையில் யார் எந்த நாட்டுக்குப் போகப் போகிறார்கள் என்பது பிள்ளையாருக்குத் தெரிய முன்னர் எனக்குத் தெரிந்துவிடும். என்னிடம் வந்துபோன பிறகுதான் அவரிடம் தேங்காயோடு போவார்கள்.

அந்த வழக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். டெங்குக் காலம். வளவு வளவாகப் புகுந்து பார்த்துக்கொண்டு வந்த சுகாதாரப் பரிசோதகர், தயாளினி வீட்டுக் கோடிப்புறத்தில் மழைத்தண்ணீர் நிறைந்த ஒரு ஐஸ்கிறீம் பெட்டியைக் கண்டுபிடித்தார். உள்ளே நுளம்பாக மாறப்போகும் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. "உது எங்கடை நுளம்பில்லை ஐயா. பக்கத்து வளவாலை வந்தது" என்று தயாளினி வாதாடினாள். அவர் துண்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்து வளவுக்காரி பூரணம் அக்கா அன்று கோபித்துக் கதையை நிறுத்தியவர், தயாளினியின் மகளுக்கு விசா சரிவந்த அன்றுதான் மறுபடி கதைத்தார். பூரணம் அக்காவின் பிள்ளைகள் மூவரும் கனடாவில். விசா உள்ள வீட்டோடு அவர் ஒருநாளும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்த மகள்தான் நிவேதனா. உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவபீடம் மயிரிழையில் தவறி, விஞ்ஞானபீடத்துக்குப் போன பிள்ளை. தயாளினி அந்த மயிரிழையை ஒருநாளும் மன்னிக்கவில்லை. "பயோதானே, அதுவும் ஒரு டொக்டர்தான்" என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தாள். அதை நம்பி ஒருநாள் பூரணம் அக்கா தன்னுடைய இரத்தப் பரிசோதனைத் துண்டோடு நிவேதனாவிடம் போனார்.

"மாமி, நான் பூச்சிகளைப் பற்றியெல்லோ படிக்கிறன்" என்றாள் பிள்ளை.

"நல்லதாப் போச்சு. பேரனுக்கும் வயித்திலை பூச்சியாம். அதுக்கும் ஒரு மருந்து எழுதித் தாவன்."

தகப்பன் அருட்செல்வன் தோட்டத்தில் வெங்காயமும் பீற்றூட்டும் போடுகிற மனுசன். அதிகம் கதைக்கமாட்டார். மகள் என்ன படிக்கிறாள் என்று நான் கேட்டதற்கு, "நுளம்பு எங்கை பெருகுது எண்டு பாக்கிற படிப்பு" என்று சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவரை யாரும் கேட்பதில்லை.

புரட்டாதியில் பயணம். பத்துக் கிழமைப் பயிற்சி. ஜேர்மனியின் வடக்கே ஒரு நகரத்தில் உள்ள ஆய்வுகூடம் போகவரச் செலவும் தங்க இடமும் கொடுத்துக் கூப்பிட்டிருந்தது. ரிக்கற் பிரின்ட் எடுக்கத் தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் போவது, இரண்டாம் பக்கத்தில் வருவது.

"போற பக்கத்தை மட்டும் அடியுங்கோ அண்ணை. வாற பக்கம் என்னத்துக்கு?" என்றாள் தயாளினி.

இதைக் கேட்டு நான் அதிசயப்படவில்லை. எங்கள் ஊரில் ரிட்டேர்ன் ரிக்கற் என்பது எம்பசிக்குக் காட்டுகிற சாமான். கலியாண வீட்டு வாசலில் கட்டுகிற வாழைக்குலையை யாரும் பிடுங்கித் தின்பதில்லை. அதைப்போல அந்த ரிக்கற்றில் யாரும் ஏறி வருவதில்லை. அந்த நாளில் சனம் உயிருக்குப் பயந்து ஓடியது, அது நியாயம். சண்டை முடிந்து எத்தனையோ காலம் போய்விட்டது. எங்களுக்கு ஓடுகிற பழக்கம் மட்டும் விடவில்லை.

"அம்மா, நான் திரும்பி வருவன். இரண்டு பக்கத்தையும் அடியுங்கோ மாமா" என்றாள் நிவேதனா.

"உவள் உப்பிடித்தான். சும்மா சொல்லுறாள்" என்று தயாளினி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

"சும்மா சொல்லேல்லை அம்மா. எங்கடை டிப்பார்ட்மென்டிலையிருந்து நான்தான் முதல் ஆள். நான் சொன்ன நாளுக்குத் திரும்பி வந்தால் வருசம் வருசம் ஒராளை எடுப்பினம். நான் நிண்டிட்டால் அதோடை கதவைச் சாத்திப்போடுவினம். தர்சிகா மிஸ் எனக்காகக் கையெழுத்து வைச்சவ. அடுத்ததாகக் குருநகர்ப் பிள்ளை ஒருத்தி நிக்கிறாள், வித்தியா எண்டு. இப்பவே பாஸ்போட்டும் எடுத்து வைச்சிருக்கிறாள்."

"குருநகரிலை ஆரோ ஒருத்திக்காக நீ ஏன் திரும்பி வரோணும்?" என்றாள் தயாளினி. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

நான் இரண்டு பக்கத்தையும் அடித்துக் கொடுத்தேன். தயாளினி முதல் பக்கத்தை மட்டும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். இரண்டாம் பக்கத்தைப் பிள்ளை எடுத்துக்கொண்டது.

பயண வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ஒழுங்கையே பார்சல் கட்டியது. ஒடியல் மா, மிளகாய்த்தூள், மோர்மிளகாய், பனங்காய்ப் பணியாரம். ஒவ்வொன்றிலும் ஜேர்மனியில் இருக்கும் ஒரு மருமகனின் பெயர். பூரணம் அக்காவும் கனடாவுக்கு ஒரு பை கொண்டுவந்தார். "ஜேர்மனியிலையிருந்து கனடா கிட்டத்தானே, ஆரிட்டையும் குடுத்து விடட்டும்." கடைசியில் அந்தப் பிள்ளை தன்னுடைய குளிர்ச் சட்டையை உடம்பில் போட்டுக்கொண்டு புழுங்கிப் புழுங்கிக் கொழும்புக்கு வான் ஏறியது. சூட்கேசுக்குள் அதற்கு இடமில்லை.

வான் திரும்பி வந்த மறுநாளே தயாளினி மகளின் ஸ்கூட்டியைத் தங்கச்சியின் மகளுக்குக் கொடுத்தாள். அடுத்த கிழமை படிக்கிற மேசை போனது. "இனி ஆருக்கு?" என்றாள். கலியாணத் தரகரும் ஒரு கனடா மாப்பிள்ளையின் சாதகக் குறிப்போடு வந்து போனார். ஜேர்மனியில் இருக்கும் பொம்பிளை என்றதும் குறிப்பு நன்றாகப் பொருந்தியதாம்.

நிவேதனா அங்கே செய்த வேலையை வட்ஸ்அப்பில் எல்லாருக்கும் காட்டினாள். ஜேர்மனி முழுவதும் குளிரத் தொடங்கியிருந்த நேரத்தில் எங்கள் ஊர்ப் புழுக்கத்தோடு ஓர் அறை இருந்தது. அதுதான் நுளம்பு அறை. தட்டுத் தட்டாகத் தண்ணீர், அதற்குள் குடம்பிகள். மீனுக்குப் போடுகிற தீனியைப் பொடியாக்கித் தூவுவாள். சிறகு முளைத்ததும் வலைக்கூட்டுக்குள் விட்டு, சீனித்தண்ணீர் வைப்பாள். எங்கள் வீடுகளில் ஒரு பெட்டிக்குள் பத்துக் குடம்பி இருந்தால் வழக்கு. அங்கே ஆயிரமாயிரமாக வளர்த்தால் நற்சான்றிதழ்.

ஒவ்வொரு தட்டிலும் வேறு வேறு அளவில் உப்புக் கலந்து, எந்த உப்பு வரைக்கும் டெங்கு நுளம்பின் குடம்பி தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கல்லுண்டாய் வெளிப்பக்கம் சாய்ந்த எங்கள் பகுதியில் பாதிக் கிணறு உவர். உப்புத் தண்ணீரில் நுளம்பு பெருகாது என்று நாங்கள் எல்லாரும் நிம்மதியாக நம்பிக்கொண்டிருந்தோம். பிள்ளைக்கு அந்த நம்பிக்கையில்தான் சந்தேகம்.

பெண் நுளம்பு முட்டையிட இரத்தம் வேண்டும். மாட்டிரத்தத்தைச் சூடாக்கி, மெல்லிய சவ்வு ஒன்றால் மூடிக் கூட்டுக்கு மேலே வைப்பார்கள். இதை அவள் போனில் விளக்கிக்கொண்டிருந்தபோது தயாளினிக்குப் பாதிதான் காதில் ஏறியது.

"எந்தக் கிழமையடி உதைச் செய்யிறனி?"

"வெள்ளிக்கிழமையிலை அம்மா."

"ஐயோ, வெள்ளிக்கிழமையிலை இரத்தத்திலை கை வைக்கிறியோ! முழுகிப்போட்டோ போறனி?"

அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை அவித்த சட்டியைக்கூடத் தொடமாட்டார்கள். தயாளினி அழுத அழுகையில் பிள்ளை வெட்கத்தை விட்டுப் பேராசிரியரிடம் கேட்டாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லையாம். கலண்டரைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை இரத்தம் வைத்தால் திங்கட்கிழமை வந்து முட்டை எடுக்கச் சுகம், இதை நாங்கள் முதலே யோசிக்கவில்லையே என்றாராம். அன்றிலிருந்து தயாளினியின் வெள்ளிக்கிழமை விரதத்தை ஜேர்மனியில் சில ஆயிரம் நுளம்புகளும் பிடித்தன.

இனித்தான் மாமன்காரன் வருகிறான். தயாளினியின் தமையன் சிவகரன், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். சண்டைக் காலத்தில் போனவன். தகப்பன் செத்தபோது அவனிடம் வதிவிடப் பேப்பர் இல்லை. செத்தவீட்டை வீடியோ கசற்றில் பார்த்தான். இப்போது ஜேர்மன் பாஸ்போட் இருக்கிறது. இருந்தும் அவன் ஊருக்கு வந்ததில்லை. ஏன் என்று கேட்டால், "அங்கை இனி ஆர் இருக்கினம்?" என்பான். நான் இருக்கிறேனே என்று சொல்ல வாய் வரும், சொல்வதில்லை.

சிவகரன் ஒவ்வொரு சனி ஞாயிறும் ரெயினில் போய் மருமகளைக் கூட்டிவந்து, சோறும் கறியும் போட்டு, அன்பாகத்தான் பார்த்தான். ஒரு சனிக்கிழமை சாப்பாடு முடிந்தபோது, அகதிக் கேஸ் எழுதிக் கொடுக்கிற ஒருவரும் கதிரையில் வந்து இருந்தார். பேனையைத் திறந்துகொண்டு கேட்டார்.

"தங்கச்சி, உமக்கு ஊரிலை என்ன பிரச்சினை?"

"நுளம்புதான் அண்ணை."

"உது எழுதேலாது. வேறை? பொலிஸ், கோட்டு வழக்கு, அப்பிடி ஏதும்?"

"அம்மாவுக்கு ஒரு வழக்கு இருக்கு."

அந்த மனுசன் நிமிர்ந்து இருந்தார். "அப்பிடிச் சொல்லும். என்ன வழக்கு?"

"நுளம்பு வளர்த்த வழக்கு."

அவர் பேனையை மூடிவிட்டார். சிவகரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பகிடியோ உனக்கு? சனம் கடலிலையும் லொறிக்குள்ளையும் செத்துச் செத்து வந்த நாடு இது. நீ பிளேனிலை வந்து இறங்கி, பிளேனிலை ஏறித் திரும்பிப் போகப் போறியோ?"

"நான் வருவன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான் மாமா. எனக்குப் பின்னாலை ஒரு பிள்ளை நிக்கிறாள்."

"அவள் உனக்குச் சொந்தமோ?"

"இல்லை."

"பின்னை?"

அன்று இரவே செய்தி ஒழுங்கைக்கு வந்துவிட்டது. தயாளினி போனைத் தூக்கிவைத்து ஒப்பாரி வைத்தாள். வராதை, வந்தால் நான் ஊருக்குள்ளை எப்பிடித் தலைகாட்டுறது என்று. பூரணம் அக்கா கனடாவில் இருக்கும் தன்னுடைய மூத்த மகனைக் கொண்டும் புத்தி சொல்ல வைத்தார். பெற்ற தாய் பிள்ளையைப் பார்த்து வீட்டுக்கு வராதே என்று அழுவதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அருட்செல்வன் மட்டும் போனை வாங்கி, "அங்கை குளிரே பிள்ளை? சாப்பிட்டியோ?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

விமான நிலையத்துக்கு அவளைச் சிவகரன்தான் கொண்டுபோய் விட்டான். உள்ளே போகும் இடத்தில், "அந்த ரிக்கற்றை ஒருக்கால் தா" என்று வாங்கினான். நான் அடித்துக் கொடுத்த இரண்டாம் பக்கம். அதை நெடுநேரம் வாசித்தானாம்.

"நான் வரேக்கை போற பக்கம் மட்டும்தான் இருந்தது மோனை" என்றானாம். "அதிலை இருந்ததும் என்ரை பேர் இல்லை, வேறை ஆளின்ரை."

அதை மடித்து அவளுடைய கைக்குள் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டான். பிறகொருநாள் நிவேதனா இதை என்னிடம் கடையில் வைத்துச் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கியது. நான் மெஷினுக்குக் கடதாசி போடுவது மாதிரித் திரும்பிக்கொண்டேன். சிவகரன் என்னுடைய சிநேகிதன். எனக்கும் அழுகை வந்தது.

கார்த்திகை மழையில், கொழும்பு பஸ்ஸால் இறங்கி, சூட்கேசை இழுத்துக்கொண்டு நிவேதனா ஒழுங்கைக்குள் வந்தாள். சொன்ன நாள், சொன்னபடி. வெளிநாட்டிலிருந்து வருகிறவரை எங்கள் சனம் கேட்கிற கேள்வி இரண்டு. "எப்ப வந்தனி?" இது மரியாதைக்கு. மற்றதுதான் உண்மையான கேள்வி. "எப்ப போறாய்?"

"நான் போறேல்லை மாமி. வந்திட்டன்" என்று நிவேதனா படலையில் நின்ற பூரணம் அக்காவிடம் சொன்னாள்.

இவ்வளவுதான். மத்தியானத்துக்கு முன்னம் அவளைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்று ஆனது. ஏன் பிடித்தார்கள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. விசாவில் பிழையாம் என்றார் ஒருவர். மிளகாய்த்தூள் பார்சலில் பிரச்சினையாம் என்றார் இன்னொருவர். என் கடைக்கு வந்த ஒரு பென்சன்காரர் மிகவும் நம்பகமான தகவல் என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நுளம்பு முழுக்கச் செத்துப்போச்சாம் தம்பி. பிள்ளை ஒழுங்காப் பாக்கேல்லையாம். வெள்ளைக்காரன் சும்மா விடுவானோ?"

கனடா மாப்பிள்ளை வீட்டார் குறிப்பை மறுபடி பார்த்தார்கள். பத்துக் கிழமைக்குள் செவ்வாய் வேறு வீட்டுக்குக் குடிபோயிருந்தது.

தயாளினி ஊருக்கு ஒரு பதில் கண்டுபிடித்தாள். "லீவிலை வந்து நிக்கிறாள்." அந்த லீவு நீண்டுகொண்டே போனது. சொந்த வீட்டில் மேசை இல்லை, ஸ்கூட்டி இல்லை. கம்பசுக்கு நிவேதனா பஸ்ஸில் போனாள். மகள் வெளியே போகும்போதெல்லாம் தயாளினி முதலில் படலையால் எட்டிப் பார்ப்பாள், பூரணம் அக்கா நிற்கிறாரோ என்று. ஒருநாள் பொறுக்கமுடியாமல் நிவேதனா கேட்டுவிட்டாள்.

"அம்மா, நான் களவெடுத்துப்போட்டு வந்தனானோ?"

தயாளினி குசினிக்குள் போய்விட்டாள்.

மார்கழியில் பிள்ளை நீண்ட பிடி போட்ட ஓர் அகப்பையும் வெள்ளைத் தட்டும் கொண்டு கிணறு கிணறாகப் போகத் தொடங்கியது. இறுதி வருட ஆராய்ச்சி. ஜேர்மனி போனவள் கடைசியில் சுகாதாரப் பரிசோதகரின் கையாளாகிவிட்டாள் என்று ஊர் பரிதாபப்பட்டது. பூரணம் அக்கா தன்னுடைய பாவிக்காத கிணற்றைக் காட்டவே மறுத்தார். "அது உப்புக் கிணறு பிள்ளை. அதுக்குள்ளை ஏது நுளம்பு?" அருட்செல்வன் போய், மண்வெட்டி இரவல் கேட்கிற சாட்டில் அவரைக் கதையில் வைத்திருக்க, மகள் பின்பக்கத்தால் போய் அள்ளினாள். அந்த மனுசனுக்குள் இவ்வளவு கள்ளம் இருக்குமென்று நான் நினைத்திருக்கவில்லை.

தட்டு நிறைய டெங்கு நுளம்பின் குடம்பி. அன்று ஐஸ்கிறீம் பெட்டிக்கு வந்தவை எங்கிருந்து வந்திருக்கும் என்று நிவேதனா தாய்க்குச் சொன்னாள். நீதிமன்றத்துக்கு இதைக் கொண்டுபோக முடியாது, வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. தயாளினி தட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். மகள் திரும்பி வந்த பிறகு அவளுடைய முகத்தில் ஒரு சிரிப்பை அன்றுதான் கண்டதாக அருட்செல்வன் என்னிடம் சொன்னார்.

தை பிறந்து சில நாளில், என் கடை வாசலில் ஒரு தாயும் மகளும் வந்து நின்று நிவேதனா வீட்டுக்கு வழி கேட்டார்கள். குருநகரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார்கள். பிள்ளைதான் வித்தியா. தகப்பன் கடல் தொழில். வழி காட்டப் போன நான் தேத்தண்ணிக்கும் நின்றுவிட்டேன். புதினம் எங்கே இருந்தாலும் மணம் பிடிக்கிற பூரணம் அக்காவும் வேலிப்பொட்டுக்குள்ளால் புகுந்து வந்து சேர்ந்தார்.

வித்தியாவின் தாய் கொண்டுவந்த பையைத் தயாளினியிடம் நீட்டினாள். உள்ளே நல்ல பெரிய நண்டு. பிறகுதான் அவளுக்கு நாள் நினைவு வந்தது. "ஐயோ அக்கா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நீங்கள் தொடமாட்டியள் என்ன?"

"பரவாயில்லை, வையுங்கோ" என்றாள் தயாளினி. அந்த வாயால் அப்படி ஒரு சொல் வந்ததே பெரிய அதிசயம்.

"என்ரை பிள்ளையைக் கூப்பிட்டிருக்கினம் அக்கா" என்று அந்தத் தாய் தயாளினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன வருசம் வந்த பிள்ளை சொன்ன நாளுக்குத் திரும்பிப் போனது, அந்த நம்பிக்கையிலைதான் கூப்பிடுறம் எண்டு மிஸ்ஸுக்குச் சொல்லியிருக்கினம். உங்கடை மகள் அங்கை நிண்டிருந்தால் என்ரை பிள்ளையின்ரை பேரை ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம். நிக்கச் சொல்லி எவ்வளவு பேர் சொல்லியிருப்பினம். உங்கடை வளர்ப்பக்கா, வந்திட்டாள்."

உங்கடை வளர்ப்பு. வராதே என்று போனில் ஒப்பாரி வைத்தவள் தயாளினி. நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தேன். நிவேதனா நிலத்தைப் பார்த்தாள். தாயை அவள் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்தப் புகழ் பூரணம் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. வித்தியாவின் தோளில் தட்டினார். "நீயாவது கெட்டிக்காரியா இரு பிள்ளை. போனால் போன இடத்திலை நில்லு. இவளைப் போலை பிடிபட்டு வந்து நிக்காதை."

"அக்கா!"

தயாளினி போட்ட சத்தத்தில் பூரணம் அக்கா ஓரடி பின்னுக்குப் போய்விட்டார்.

"ஆர் பிடிபட்டது? என்ரை பிள்ளையை ஒருத்தரும் பிடிக்கேல்லை. அவள் லீவிலையும் வரேல்லை. நிக்கச் சொன்னது நான். என்ரை அண்ணை சொன்னவர். நீங்களும் உங்கடை மகனைக் கொண்டு சொன்னனீங்கள். எல்லாரும் சொல்லச் சொல்ல, அவள் தானா வந்தவள்."

சொல்லி முடிய அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. நிவேதனா எழுந்து வந்து தாயின் பக்கத்தில் நின்றாள். தயாளினி மகளைத் திரும்பிப் பார்க்காமலேயே அவளுடைய கையைத் தேடிப் பிடித்தாள். அருட்செல்வன் என்னுடைய கோப்பையை வாங்கி, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ?" என்றார்.

பூரணம் அக்கா கோபித்துக்கொண்டு போனார். ஆனால் பாருங்கள், வித்தியாவுக்கு விசா சரிவந்ததும் திரும்பி வந்துவிட்டார், கையில் கனடாவுக்கு ஒரு பையோடு. அந்தப் பையை இந்த முறை தயாளினியே வாங்கி, வந்த வழியிலேயே திருப்பிக் கொடுத்தாள். "பிள்ளைக்குக் குளிர்ச் சட்டை வைக்க இடம் வேணும் அக்கா."

ஆவணியில் வித்தியா ரிக்கற் பிரின்ட் எடுக்க என்னிடம் வந்தாள். குருநகரில் ஆயிரம் கடை இருக்க இவ்வளவு தூரம் ஏன் வந்தாள் என்று பார்த்தால், நிவேதனாவும் தயாளினியும் கூட வந்தார்கள். வித்தியாவின் தாயும் பின்னால் நின்றாள். தயாளினி வரும் வழியிலேயே புத்திமதி தொடங்கிவிட்டாள். "வெள்ளிக்கிழமையிலை இரத்தம் வைக்கிறேல்லை, தெரியுமே? நாங்கள் அதை வியாழக்கிழமைக்கு மாத்தி வைச்சிருக்கிறம்." ஜேர்மனி ஆய்வுகூடத்தை அவள் நடத்துவது மாதிரி இருந்தது.

"நாங்கள் வேதக்காரரும் தவசு காலத்து வெள்ளியிலை மச்சம் மாமிசம் தொடுறேல்லை அக்கா. எங்களுக்கும் அதுதான் சுகம்" என்றாள் வித்தியாவின் தாய்.

போகும் பக்கம் மெஷினால் வந்து விழுந்தது. வித்தியாவின் தாய் அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு இரண்டாம் பக்கத்தைத் திரையில் கண்டுவிட்டு, காசை மிச்சம் பிடிக்கவோ என்னவோ, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உது வாற பக்கமல்லோ? உதும் வேணுமோ அக்கா?"

தயாளினி என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"வாற பக்கத்தை இரண்டு அடியுங்கோ அண்ணை. ஒண்டு பிள்ளைக்கு. மற்றது தாயிட்டைக் குடுங்கோ. எந்த நாள் வருவாள் எண்டு பாத்துக்கொண்டு இருக்கட்டும்."